இருபத்தேழாம் எண்ணின் முன் நாற்காலி

நான்காம் கொட்டகையின் இரும்புக் கதவைத் திறக்க நான்கு பேர் வேண்டும் என்று காவலர் சொல்லியிருந்தார். அந்த மூடுபனியில் நான்கு பேரைத் தேடிப் பிடிப்பதற்குள் மதியமாகிவிடும். ரலிட்சா கருவிப் பெட்டியைக் கீழே வைத்தாள். சும்மா முயன்று பார்ப்போமே என்று தோளைக் கொடுத்தாள்.

கதவு திறந்துகொண்டது. தள்ளியதால் திறந்த மாதிரி இல்லை. உள்ளேயிருந்து யாரோ இழுத்துவிட்ட மாதிரி.

எண்ணெய் நன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சுகோபோல் விமானப் பள்ளிக்கு மெக்கானிக்காக மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இந்தப் பள்ளியில் எண்ணெய் போடும் வழக்கமே இல்லை, மேலே இருப்பவர்களுக்கு சோப்புப் போடும் வழக்கம் மட்டும்தான் உண்டு என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

கொட்டகை என்பது பேருக்குத்தான். மண்மேட்டுக்குள் புதைத்த கான்கிரீட் குகை அது. வராத ஒரு போருக்காகக் கட்டியது. போர் வராததால் சில வருடம் உருளைக்கிழங்கு அடுக்கி வைத்தார்கள். உள்ளே காலை பத்து மணிக்கும் இருட்டு. மண்ணெண்ணெய் வாடை, ஈரச் சுவரின் வாடை, அவற்றுக்கு அடியில் மட்டமான சிகரெட்டின் வாடை. பழைய வாடை அல்ல. இப்போதுதான் யாரோ அணைத்துவிட்டுப் போன வாடை.

விளக்கைப் போட்டாள். மூன்றில் ஒன்று எரிந்தது.

நடுவில் நின்றது இருபத்தேழாம் எண். வெள்ளி நிறம், முன்னே ஒரு நாற்காலி, பின்னே ஒரு நாற்காலி, மழுங்கிய மூக்கு. ஒரு காலத்தில் இதில் வாந்தியெடுத்துப் பழகித்தான் பல்கேரியப் படையின் பாதி விமானிகள் விமானிகள் ஆனார்கள். ஓய்வு கொடுத்த பிறகு பள்ளி வாசலில் ஒரு தூணின் மேல் பன்னிரண்டு வருடம் காட்சிப் பொருளாக நின்றது. காற்றுத் துளைக்குள் புறாக்கள் பேரன் பேத்தி எடுத்தன. இப்போது பள்ளியின் எழுபதாம் ஆண்டு விழா. அதற்காகக் கீழே இறக்கிக் குளிப்பாட்டி, மெருகு ஏற்றி வைத்திருந்தார்கள்.

விழாக் குழுவின் உத்தரவு இரண்டே வரிதான். விமானப்படை நாளன்று, ஓய்வுபெற்ற ஜெனரல் லூபென் கராதிமோவ் முன் நாற்காலியில் அமர்ந்து காட்சி தருவார். அவருக்குப் பின் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் ஒவ்வொருவராக ஏறி அமர்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். நாற்காலி பத்திரமானது என்று மெக்கானிக் ரலிட்சா கையெழுத்திட வேண்டும்.

அந்த நாற்காலி சாதாரண நாற்காலி அல்ல. விமானம் விழப்போகிறது என்றால் விமானியைக் கூரையோடு பிய்த்துக்கொண்டு வானத்தில் வீசும் நாற்காலி. அடியில் வெடிமருந்துத் தோட்டா. இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடி. எதை இழுத்தாலும் வெடிக்கும். இழுபடாமலிருக்க, விமானம் தரையில் நிற்கும்போது கைப்பிடிக்கு ஒன்றாக இரண்டு ஊசிகள் குத்தி வைப்பார்கள். ஊசி கண்ணில் படட்டும் என்று ஒவ்வொன்றிலும் முழ நீளச் சிவப்பு நாடா தொங்கும்.

ரலிட்சா பதிவேட்டைப் புரட்டினாள். தோட்டாவைக் கழற்றிவிட்டோம் என்று எழுதிய பக்கத்தைத் தேடினாள். நூற்றுப் பத்தாம் பக்கம் இருந்தது. நூற்றுப் பதிமூன்றாம் பக்கம் இருந்தது. நடுவில் நூல் மட்டும் இருந்தது.

தலையை நிமிர்த்தினாள். நாற்காலிக்கு நேர் மேலே, கறுத்துப்போன கான்கிரீட் கூரையில் ஒரு வட்டம் மட்டும் வெளுத்திருந்தது. யாரோ அந்த இடத்தை மட்டும் மறுபடி பூசியிருந்தார்கள்.

பள்ளித் தலைவர் கர்னல் சாவ்தார் நல்லவர். யார் கடைசியாகப் பேசினாரோ அவர் பக்கம் நிற்கும் அளவுக்கு நல்லவர். ரலிட்சா அவர் அறையில் போய் நின்றபோது அவர் விழா அழைப்பிதழில் தம் பெயர் எத்தனையாவது வரியில் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோட்டா இருக்கா இல்லையான்னு தெரியாம எப்படிங்கய்யா கையெழுத்துப் போடறது?"

"ரலிட்சா, அது பன்னிரண்டு வருஷம் தூண் மேல நின்னுச்சும்மா. புறா குடும்பம் நடத்துச்சு. தோட்டா இருந்திருந்தா புறா போயிருக்காதா?"

"புறா கைப்பிடியை இழுக்கலைங்கய்யா."

"எடுத்தாச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப எல்லாரும் போடட்டும்."

கர்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாற்காலியை வெளியே எடுத்துப் பார்த்துடறேன்ங்கய்யா. ஒரு நாள் வேலை."

"ஐயையோ! விழாக் குழு அதுக்குப் புதுசா சிவப்புத் தோல் தச்சிருக்கு. ஜெனரலுக்கு இடுப்பு வலி, அதனால உள்ள பஞ்சு வேற. நீ எடுத்தா தையல் பிரியும். விழா முடியட்டும், அப்புறம் எடு."

"விழா முடியறதுக்குள்ள நாப்பது பிள்ளைங்க ஏறி உக்காந்திடும்."

"இங்க பாரு, வெலிச்கோ வேலை பண்ணாத. போட்டுக் குடு."

அந்தப் பெயரை அவள் முதல் நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். யாராவது ஒரு திருகாணியைத் தவறவிட்டால் 'வெலிச்கோ வேலை'. கதவைப் பூட்ட மறந்தால் 'வெலிச்கோ'. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் இதே பள்ளியில் இருந்த மெக்கானிக். ஊசிகளைத் தானே பிடுங்கித் தொலைத்துவிட்டு, மறந்துபோய் நாற்காலி மேல் குனிந்து, கைப்பிடியில் சட்டை மாட்டி, கூரையில் மோதிச் செத்தவர் என்று பாடப் புத்தகத்திலேயே அச்சடித்திருந்தார்கள். வாசலில் பணியில் இறந்தவர்களின் பெயர் வெட்டிய கல் இருக்கிறது. அதில் அவர் பெயர் இல்லை. கவனக்குறைவு தியாகத்தில் சேராதாம்.

அன்று பிற்பகல் கொட்டகைக்குத் திரும்பி, இரண்டு புது ஊசிகளைக் குத்தினாள். இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கம் ஒன்று. நாடாக்களை நேராகத் தொங்கவிட்டாள். ஏணியிலிருந்து இறங்கிக் கருவிகளைத் துடைக்க உட்கார்ந்தாள்.

மேலே சத்தம் கேட்டது.

டிக். டிக். டிக்.

ஊசியைப் பிடித்து இழுத்துப் பார்க்கும் சத்தம். மூன்று முறை. சற்று இடைவெளி. பிறகு வலப்பக்கம்.

டிக். டிக். டிக்.

துணியைக் கையில் வைத்தபடியே அவள் ஏணியில் ஏறினாள். நாற்காலியில் யாரும் இல்லை. கொட்டகைக்குள் காற்று இல்லை. இரண்டு நாடாக்களும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

சிகரெட் வாடை அவள் முகத்துக்கு நேரே வந்தது.

ரலிட்சா ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "சரியாத்தான் குத்தியிருக்கேன்," என்றாள் இருட்டைப் பார்த்து. "குறை இருந்தா சொல்லுங்க."

நாடாக்கள் நின்றன.

வெளியே வாசலில் ஒரு பெண் காவலரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அறுபத்தாறு வயது, ஆண்கள் போடும் கம்பளிக் கோட்டு, கையில் பசைப் புட்டி. செத்தவர்களுக்கு வருடா வருடம் கதவில் ஒட்டும் கறுப்புக் கரை நினைவுத் தாளை அவள் பள்ளிக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தாள். மீசை வைத்த ஒரு மனிதரின் படம். 'நீங்கள் இல்லாத முப்பத்தெட்டு ஆண்டுகள்.'

"பென்காக்கா, நாளன்னிக்கு விழா. ஜெனரல் வர்றாரு. ஒட்டாதேன்னு உத்தரவு," என்றார் காவலர்.

"உத்தரவு உனக்கு. பசை எனக்கு. நீ கிழி, நான் ஒட்டறேன். யாருக்கு முதல்ல கை வலிக்குதுன்னு பாப்போம்."

காவலர் கிழித்தார். அவள் பைக்குள் கையை விட்டு இன்னொன்றை எடுத்தாள். பையில் ஒரு கட்டே இருந்தது.

ரலிட்சா அருகில் போனாள். "இவர்தான் வெலிச்கோவா, அத்தை?"

"நீயும் 'வெலிச்கோ வேலை'ன்னு சொல்றவதானே?"

"இன்னும் சொல்லல."

பென்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தக் காலத்தில் அவள் இதே பள்ளியில் பாராசூட் மடித்தவள். ஆள் எப்படி என்று பார்வையிலேயே மடித்து வைத்துவிடுவாள். "ஊசியைத் தொலைச்சானாம். யாரு, என் புருஷனா? அந்த மனுஷன் வீட்டுக் கதவைப் பூட்டிட்டு, தெரு முனை வரைக்கும் போயிட்டு, திரும்பி வந்து இழுத்துப் பாப்பாரு. ஒரு தடவை இல்ல. மூணு தடவை. டிக், டிக், டிக்குன்னு. எனக்கு எரிச்சலா வரும்."

ரலிட்சா திரும்பிக் கொட்டகையைப் பார்த்தாள்.

"அன்னைக்கு அந்த நாற்காலியில கடைசியா உக்காந்தது யாருன்னு தெரியுமா? கேப்டன் கராதிமோவ். சுவரொட்டிக்குப் படம் எடுத்தாங்க. போய்ப் பாரு, சாப்பாட்டுக் கூடத்துல மாட்டியிருக்கு. சிவப்பு நாடா எங்கேன்னு தேடிப் பாரு. அதைக் கேட்டேன்னுதான் எனக்கு வேலை போச்சு."

சாப்பாட்டுக் கூடத்தில் மட்டுமா? அந்தச் சுவரொட்டி எங்கும் இருந்தது. இளம் கேப்டன், வானத்தைப் பார்க்கும் கண், விரித்துத் தூக்கிய வலது உள்ளங்கை. 'வானத்துக்கு வணக்கம்' என்று அதற்குப் பெயர். பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கட்டுரை எழுதுவார்கள்.

ரலிட்சா அதைப் பல முறை பார்த்திருந்தாள். அன்று முதல்முறையாக ஒரு மெக்கானிக்காகப் பார்த்தாள்.

அது வணக்கம் அல்ல. புறப்படும் முன் விமானி இரண்டு ஊசிகளையும் பிடுங்கி, உயர்த்தி, மெக்கானிக்கிடம் எண்ணிக் காட்ட வேண்டும். திரும்பியதும் அவற்றைக் குத்திவிட்டு, வெறுங்கையை விரித்துக் காட்ட வேண்டும். 'ஊசி இடத்தில் இருக்கிறது, நீ கிட்டே வரலாம்' என்று அர்த்தம். அந்த வெறுங்கையைப் பார்க்காமல் எந்த மெக்கானிக்கும் நாற்காலி மேல் குனியமாட்டான்.

படத்தில் வெறுங்கை இருந்தது. நாடா இருக்க வேண்டிய இடத்திலும் வெறுமைதான் இருந்தது.

படத்துக்கு அழகாக இருக்காதென்று கராதிமோவ் ஊசிகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கையை மட்டும் விரித்துக் காட்டியிருக்கிறார். வெலிச்கோ அந்தக் கையை நம்பிக் குனிந்திருக்கிறார்.

விழாவில் இந்த நாற்காலி வெடித்தால் பாடப் புத்தகத்தில் எந்தப் பெயரைச் சேர்ப்பார்கள் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

விழா நாளன்றும் பனி விலகவில்லை. வானத்துக்கு விழா எடுத்தார்கள், வானம் வரவில்லை. அமைச்சரும் வரவில்லை; துணை அமைச்சரை அனுப்பினார். துணை அமைச்சர் தம் உரையை மட்டும் அனுப்பினார். விமானங்கள் பறக்க முடியாததால் எல்லாரையும் நான்காம் கொட்டகைக்குள் கூட்டி வந்தார்கள். பேண்டு வாத்தியம், காகிதக் கொடி பிடித்த நாற்பது பிள்ளைகள், கம்பளம், பூங்கொத்து.

ஜெனரல் கராதிமோவ் தம் பழைய பறக்கும் உடையிலும் தலைக்கவசத்திலும் வந்தார். உடையின் இரண்டு பக்கமும் பிரித்துத் துணி சேர்த்திருந்தது. எந்தக் கோட்டையைப் பிடித்தார் என்று யாருக்கும் தெரியாத பதக்கங்கள் அவர் நடக்கும்போது கிணுகிணுத்தன. கூட்டத்துக்குப் பின்னால், கதவோரம், கம்பளிக் கோட்டில் பென்கா நிற்பதை ரலிட்சா பார்த்தாள். காவலருக்குக் கை வலித்திருக்க வேண்டும்.

கர்னல் சாவ்தார் தங்கக் கரை போட்ட ஒரு தாளை வெல்வெட் தட்டில் நீட்டினார். "இப்போது நம் மெக்கானிக் ரலிட்சா, நாற்காலி பத்திரமானது என்று கையெழுத்திடுவார்."

"போட மாட்டேன்," என்றாள் ரலிட்சா.

பேண்டில் ஒருவர் தவறான இடத்தில் தாளம் தட்டினார்.

"அம்மாடி, எல்லாரும் பாக்கறாங்க," என்று கர்னல் பல்லுக்குள் சொன்னார்.

"பாக்கட்டும்ங்கய்யா. உள்ள தோட்டா இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. பிள்ளைங்க யாரும் ஏறக் கூடாது."

ஜெனரல் சிரித்தார். கூரை அதிரச் சிரிக்கப் பழகியவர். "எனக்குக் கையெழுத்தா? மகளே, நீ பிறக்கறதுக்கு முன்னாடியே இந்த நாற்காலியில நான் உக்காந்திருக்கேன். மெக்கானிக்குகளுக்கு எப்பவுமே பயம். பயந்தவன் தரையில இருப்பான், துணிஞ்சவன் மேல போவான்."

"வெலிச்கோ அண்ணன் தரையிலதான் இருந்தாரு. அவரை மேல அனுப்பினது யாருங்கய்யா?"

ஜெனரல் அவளைத் தள்ளிக்கொண்டு ஏணியில் ஏறினார். இரண்டு பேர் பின்னாலிருந்து முட்டுக் கொடுத்தார்கள். சிவப்புத் தோலில் அவர் அமர்ந்ததும் பஞ்சு பெருமூச்சு விட்டது.

கீழேயிருந்து புகைப்படக்காரர் கத்தினார். "ஜெனரல், அந்தச் சிவப்பு நாடா மட்டும் படத்துல விழுது..."

ரலிட்சா ஏணியில் தாவினாள். "தொடாதீங்க!"

ஜெனரல் பிடுங்கிவிட்டார். இடது. வலது. இரண்டையும் சட்டைப் பைக்குள் போட்டார். யோசித்துச் செய்யவில்லை. அந்தக் கைக்கு வழி தெரிந்திருந்தது. பிறகு கண்ணை வானத்துக்கு, அதாவது கூரையின் வெளுத்த வட்டத்துக்கு, உயர்த்தி, வலது உள்ளங்கையை விரித்துத் தூக்கினார்.

"பிள்ளைங்களைச் சுவரோரம் கொண்டுபோங்க!" என்று ரலிட்சா அலறினாள். ஆசிரியை ஒருத்திதான் அந்த விழாவிலேயே சொன்னதைக் கேட்டவள். அள்ளிக்கொண்டு ஓடினாள்.

அப்போது கதவுகள் மூடிக்கொண்டன.

நான்கு பேர் தள்ள வேண்டிய கதவுகள், சத்தமில்லாமல்.

விழாவுக்காக மாட்டியிருந்த விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிவந்து அணைந்தன. பேண்டு நின்றது. ஒரு குழந்தை அழுதது. விமானியின் தலைக்கு மேல் திறந்திருந்த கண்ணாடி மூடி தானாக இறங்கத் தொடங்கியது. ரலிட்சா தோளைக் கொடுத்து அதைத் தடுத்தாள். ஏணி உச்சியில், பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. குனிந்து. வெலிச்கோ குனிந்த மாதிரியே.

கருவிப் பலகையில் ஒரே ஒரு சிறு விளக்கு மட்டும் பச்சையாக எரிந்தது. அந்த விமானத்தில் இருபது வருடமாக பேட்டரி இல்லை.

ஜெனரலின் தலைக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கரகரப்பான, பொறுமையான, வேலைக்காரக் குரல்.

"கையைக் காட்டுங்க, கேப்டன்."

ஜெனரல் காட்டினார்.

"ஊசி எங்க?"

"கு... குத்திட்டேன்."

டிக்.

இடப்பக்கக் கைப்பிடி ஒரு நெல் அளவு மேலே ஏறியது.

"ஊசி எங்க, கேப்டன்?"

டிக்.

இன்னொரு நெல். தோலின் கீழே, எங்கோ ஆழத்தில், ஒரு வில் முறுக்கிக்கொள்வது ரலிட்சாவின் நெஞ்சுக்குக் கேட்டது. இன்னும் ஒன்று. அவ்வளவுதான். அவளுக்கு நேர் மேலே வெளுத்த வட்டம்.

குதித்திருக்கலாம். அவள் குதிக்கவில்லை. பயம் ஒரு எல்லையைத் தாண்டியதும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"வெலிச்கோ அண்ணே!" என்று இருட்டில் சீறினாள். "நிறுத்துங்க! இவரு எகிறிப்போனா நாளைக்கு இவருக்கு வாசல்ல சிலை வைப்பாங்க. தப்பை என் பேர்லதான் எழுதுவாங்க. முப்பத்தெட்டு வருஷம் இதுக்குத்தான் காத்திருந்தீங்களா? நான் அந்தத் தாள்ல கையெழுத்துப் போடல. நீங்களும் போடாதீங்க!"

கொட்டகை முழுதும் மூச்சை அடக்கிக்கொண்டது.

கைப்பிடி நின்றது.

சிகரெட் வாடை மட்டும் அவள் தோளுக்குப் பின்னால், யாரோ நெருங்கி நின்று பார்ப்பதுபோல.

"பையில இருக்கறதை எடுங்க," என்றாள் ஜெனரலிடம். அவர் அசையவில்லை. அவளே பைக்குள் கையை விட்டாள். இரண்டு ஊசிகள் இருக்க வேண்டும்.

நான்கு இருந்தன.

விரலுக்கு முதலில் கிடைத்த இரண்டைப் பிடித்தாள். ஈரமாக, பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தன. இடது துளையில் ஒன்று. வலது துளையில் ஒன்று. அவள் கையை எடுப்பதற்குள், அவளுடையதல்லாத ஒரு கை அவற்றை இழுத்துப் பார்த்தது.

மூன்று முறை. மூன்று முறை.

கதவுகள் திறந்தன. வெள்ளைப் பனியோடு வெளிச்சம் உள்ளே வந்தது.

நாற்காலியின் இரண்டு பக்கமும் நாடாக்கள் தொங்கின. காலையில் ரலிட்சா கண்ட புது நாடாக்கள் அல்ல. வெளுத்து, ஆற்றுப்பாசி ஒட்டி, ஓரத்தில் பழுப்புக் கறை படிந்த பட்டு நாடாக்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சிவப்புத் தோலில் விழுந்துகொண்டிருந்தது.

பென்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். யாரும் தடுக்கவில்லை. ஏணியில் இரண்டு படி ஏறி, ஒரு நாடாவின் நுனியைத் திருப்பிப் பார்த்தாள்.

"என் தையல்," என்றாள். "பாராசூட் பட்டு. கிழிஞ்ச துண்டுல நான் தச்சுக் குடுத்தது. இதை எங்க வச்சிருந்த, லூபென்?"

ஜெனரல் நாடாவைப் பார்த்தார். எழுபத்திரண்டு வயது முகம், திருட்டில் பிடிபட்ட பையனின் முகமாகச் சுருங்கியது.

"நான் வச்சிருக்கல," என்றார். பேண்டும் பிள்ளைகளும் கர்னலும் கேட்க, தெளிவாகச் சொன்னார். "அன்னைக்கே மரிட்சா ஆத்துல வீசிட்டேனே... பாலத்து மேலேருந்து... நானே என் கையால வீசினேனே..."

மாலைக்குள் அதிகாரபூர்வ அறிக்கை வந்துவிட்டது. மூடுபனியால் ஜெனரலுக்கு லேசான தலைசுற்றல். விழா வெகு சிறப்பாக நடந்தது. மெக்கானிக் ரலிட்சா திங்கட்கிழமை முதல் பணி இடைநீக்கம். நாற்காலியை யாரும் திறக்கக் கூடாது.

அன்று வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ரலிட்சா நான்காம் கொட்டகைக்குப் போனாள். திங்கட்கிழமை வரை சாவி அவளிடம்தான். பென்கா டார்ச் விளக்கும், சீஸ் வைத்துச் சுட்ட பனிட்சாவும், துணி வெட்டும் கத்தரிக்கோலும் கொண்டுவந்திருந்தாள்.

"திறக்கக் கூடாதுன்னு உத்தரவாமே?" என்றாள் பென்கா.

"உத்தரவு அவங்களுக்கு. கத்தரிக்கோல் நமக்கு."

பென்கா சிரித்தபடி சிவப்புத் தோலைக் குறுக்கே ஒரே வெட்டு வெட்டினாள். பஞ்சு பொங்கியது. மதியம் இரண்டு மணிக்குத் தோட்டா வெளியே வந்தது. துரு இல்லை, ஈரம் இல்லை. புத்தம் புதுசு. நாற்பது பிள்ளைகளில் ஏதோ ஒரு பிள்ளையின் சுண்டுவிரலுக்காகக் காத்திருந்தது.

அதை மணல் வாளியில் இறக்கிவிட்டு, ரலிட்சா பதிவேட்டை எடுத்தாள். காணாமல்போன பக்கத்தின் இடத்தில் ஒரு புதுத் தாளை ஒட்டினாள். தோட்டா உயிரோடு இருந்ததை எழுதினாள். ஜெனரல் சொன்னதை, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதினாள். 'வெலிச்கோ குற்றமற்றவர்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். இந்த முறை கேட்க ஆளே இல்லாமல், பெரிதாக, முழுப் பெயரோடு. பென்கா விமானத்தின் மூக்கில் ஒரு நினைவுத் தாளை ஒட்டினாள்.

பிறகு இருவரும் ஏணியடியில் உட்கார்ந்து பனிட்சாவைப் பிட்டுத் தின்றார்கள். பென்கா ஒரு துண்டை மட்டும் காகிதத்தில் வைத்துச் சக்கரத்தின் மேல் வைத்தாள்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முன் நாற்காலி முடிஞ்சுது."

சொன்ன பிறகுதான் ரலிட்சாவின் வாயில் கவளம் நின்றது. இரட்டை இருக்கை விமானம்; பின் நாற்காலிக்கும் அடியில் ஒரு தோட்டா உண்டு. எழுபதாம் ஆண்டு விழாவிலும் சரி, பாடப் புத்தகத்திலும் சரி, தங்கக் கரைத் தாளிலும் சரி, பின் நாற்காலியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவளும்கூட.

மேலே, பின்பக்கமிருந்து, உலோகத்தின் மேல் உலோகம் வைக்கும் சிறு சத்தம் வந்தது.

ஏணியை நகர்த்தி வைத்து ஏறினாள். பின் நாற்காலியின் பக்கத் தகடு பாதி கழன்றிருந்தது. விளிம்பில் எண்ணெய்த் துணி ஒன்று நாலாக மடித்து விரித்திருந்தது. அவள் துணி அல்ல. அதன் மேல் ஐந்து திருகாணிகள், கழற்றிய வரிசையிலேயே, தலை ஒரே பக்கம் பார்க்க.

ஆறாவது இன்னும் துளையில்தான் இருந்தது.

அது இடப்பக்கமாக, அவசரமே இல்லாமல், சுழன்றுகொண்டிருந்தது.